பதினாறாம் பக்கம்

நவ. 4, செவ்வாய்

தூறல். கொடியில் போட்டது ஒன்றும் காயவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் முடிந்தது, வாங்க வேண்டும்.

டெக்சாசிலிருந்து பெரியண்ணை வாட்சப்பில் இருபத்தெட்டுப் பக்கம் அனுப்பியிருக்கிறார். துவக்கு வைத்திருப்போருக்கான சட்டக் காப்புறுதி. தற்காப்புக்காக யாரையாவது சுட்டுவிட்டால் வக்கீல், பிணை, வழக்குச் செலவு எல்லாம் கொம்பனி பார்க்குமாம். கூடவே குரல் செய்தி: "பிள்ளை, நீ இன்சூரன்சிலதானே வேலை செய்யிறாய். இது எனக்குத் தேவையோ எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

நான் பார்ப்பது வெடித்த தண்ணீர்க் குழாயும் கழன்ற கூரை ஓடும். அண்ணைக்கு எல்லா இன்சூரன்சும் ஒன்று.

துவக்கு எப்போது வாங்கினார்? மூச்சு விடவில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே முதலில் புகுந்த ஆள்.

நவ. 5, புதன்

மழை விட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பக்கம் வாசித்தேன். அட்டையில் பல் தெரியச் சிரிக்கும் வெள்ளைக் கிழவனும் கிழவியும். யாரைச் சுட்டுவிட்டு இந்தச் சிரிப்பு?

தருவது:
– வக்கீல், எந்த நேரமும்
– மனநல ஆலோசனை, சுட்டவருக்கு மட்டும்
– இரத்தம் பட்ட கம்பளம் கழுவும் செலவு

கம்பளமாம்! தூ.

பின்னேரம், வருடா வருடம் இந்த நாளில் போல, தெரு முழுக்கப் பட்டாசு. என் மனுசன் திடுக்கிட்டுத் தேத்தண்ணியை மேலே ஊற்றிக்கொண்டார். முப்பது வருடமாக லண்டனில், இன்னும் இப்படி. "அங்க சுட்டது சரியெண்டாலும் வழக்கு இழுபடுமப்பா. வக்கீல் இல்லாட்டி ஆள் துலைஞ்சான். துவக்கு இருந்தாக் கவரும் வேணும்தான்," என்கிறார் காற்சட்டையைத் துடைத்தபடி. கார் இன்சூரன்சைப் புதுப்பிக்க மறந்த மகான். ஆனால் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

நவ. 6, வியாழன்

பெரியண்ணை மறுபடியும். "பதினாறாம் பக்கத்தில, ஒரே வீட்டில இருக்கிற ஆக்களுக்கு இல்லையெண்டு கிடக்கு. அதென்ன?"

சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். வீட்டு ஆளைச் சுட்டால் கொம்பனி ஒன்றும் தராது. "உங்கட வீட்டில மச்சாளை விட்டா வேற ஆர் இருக்கினம்? அதுக்கேன் கவலை?" என்று எழுதினேன். சிரிக்கும் முகமும் போட்டேன்.

நவ. 7, வெள்ளி

வெஸ்ட் ஈலிங் கோயில். ரயிலில் போகும்போது முழுக்க நின்றபடி. சாப்பாட்டு வரிசையில் ஒரு மனுசி: "ரெண்டு பூட்டுப் போட்டனான், கமராவும் வைச்சனான், எண்டாலும் நித்திரை வருகுதில்லை." கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைக் கண்டால் எனக்கே களவெடுக்கத் தோன்றும்.

திரும்பும்போது இடம் கிடைத்தது. அண்ணைக்குப் பதில் எழுதினேன்: ஓம், துவக்கு வைத்திருக்கத்தான் வேண்டுமென்றால் எடுங்கோ. அனுப்பவில்லை. நான் இறங்கும் குட்மேய்ஸ் வந்துவிட்டது.

நவ. 8, சனி

வெயில், சூடில்லாத வெயில். வசந்தி மச்சாளுக்குப் பிறந்தநாள், போன் எடுத்தேன். பெரியண்ணையின் மனைவி, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். சிரித்துச் சிரித்துச் சொன்னா: "போன கிழமை ஷிப்ட் முந்தியே முடிஞ்சுது. பின்கதவால வந்தன். குசினிக்குள்ள உம்மட அண்ணை, துவக்கை என்ர நெஞ்சுக்கு நேர பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். 'நான்தானப்பா' எண்டு கத்தின பிறகும் இறக்கேல்லை."

சிரிப்பு நின்றது. "ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

பதினாறாம் பக்கம். அவர் கேட்டது அதைத்தான். சிரிக்கும் முகம் போட்ட நான் ஒரு எருமை. எனக்குப் பயமாக இருக்கிறது.

நவ. 9, ஞாயிறு

எழுதி வைத்ததை அழித்தேன். அண்ணைக்குப் போன்.

"அண்ணை, அந்தத் துவக்கை வித்துப்போடுங்கோ."

"அதை விடு. வீட்டாக்களுக்குக் கவர் இருக்கோ இல்லையோ, அதைச் சொல்லு."

"இல்லை."

பெரிய பிரச்சினை தீர்ந்த மாதிரி: "சரி. அப்ப வசந்தியை இனி மணி அடிச்சிட்டு உள்ளுக்கு வரச் சொல்லுறன்."

வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. வைத்துவிட்டேன்.

மச்சாளுக்கு எழுதினேன்: துவக்கு வீட்டை விட்டுப் போகும்வரை எங்களிட்ட வந்து இரும். மேல் அறை சும்மாதான் கிடக்கு.

நீலக் குறி விழுந்துவிட்டது, வாசித்துவிட்டா. மேல் அறைக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன்.