பள்ளத்தில் நிற்கும் டவர்

அன்பு மகளே,

இங்கு நானும் அம்மாவும் சுகமே. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் அவ்வாறே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். தொலைத்தொடர்புக் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் தன் மகளுக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்துத் தபால்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவர் பிழைப்பு எங்களால்தான் ஓடுகிறது. உனக்கு நாள் நெருங்கிவிட்டது. அம்மா முழங்கால் வலியோடு தினமும் குன்றில் ஏறி நின்று போனில் உன்னைக் கூப்பிடுகிறாள். பிள்ளைக்கு வலி கண்டா எனக்கு எப்படித் தெரியும், ஊருக்கே போன் கொண்டு வந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் மலை ஏறணுமா என்று கேட்கிறாள்.

டவரை ஏன் பள்ளத்தில் நட்டீர்கள் என்று மாப்பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தாய். நீ பள்ளியில் படித்த காலத்தில், நம் நான்கு ஊர்களுக்கும் லைன் தந்தால் கட்டுப்படியாகாது என்று கம்பெனிக்காரர்கள் கையை விரித்தார்கள். நாமே செய்துகொள்வோம் என்று சங்கம் கண்டோம். முதலில் தலைவர் வந்தார், பிறகு துணைத் தலைவர், பிறகு முத்திரை, பிறகு முத்திரையைப் பாதுகாக்க ஒரு குழு. டவர் கடைசியாக வந்தது. எந்த ஊருக்கும் அது கூடுதலாகக் கிட்டத்தில் இருக்கலாகாது என்பது விதி. அளந்ததில் சமதூரம் வற்றிய குளத்தின் நடுவில் விழுந்தது. பள்ளமாச்சே என்றார் எலக்ட்ரீஷியன். பள்ளமா இருந்தா என்னய்யா, நியாயமா இருக்கா இல்லையா என்றார் மில் வைத்திருக்கும் எங்கள் தலைவர். கை தட்டினோம். அன்று முதல் ஊருக்குள் சிக்னல் பாரபட்சமின்றி எவருக்கும் கிடைப்பதில்லை.

சென்ற ஞாயிறு பொதுக்குழுவில், டவரைக் குன்றின் மேல் மாற்றத் தீர்மானம் கொண்டுவந்தேன். குன்று ஒரே ஊரைச் சேர்ந்தது. அவங்க மட்டும் காதுல போனை வச்சுக்கிட்டு மினுக்கணுமா என்று மற்றவர்கள் எகிறினார்கள். கைகள் சரிபாதியாக எழுந்தன. என் கை எழுந்தால் முடிந்தது. ஆனால் தீர்மானத்தால் சொந்தப் பயன் உள்ளவர் வாக்களிக்காமல் வெளியேற வேண்டும். அவ்விதியை எழுதியவனே நான். என் மகளுக்குப் பிரசவ காலம், ஆகவே வெளியேறுகிறேன் என்று அறிவித்தேன். உறுப்பினர் வரிசையிலிருந்து உன் அம்மா பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க இயலாது. அப்படிப் பார்த்தா என் பையனும் வெளியூர்லதானே என்று முனகியபடி தலைவரும் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக, எதிர்த்துக் கை தூக்கியவர்கள் உட்பட, எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். யாருக்கு யார்தான் தொலைவில் இல்லை?

உள்ளே எஞ்சியவர் தையற்காரர் ஒருவரே. அவர் பெண் பக்கத்துத் தெருவில், பிள்ளை மாடியில். அரைமணி காத்தும் ஆள் சேராவிட்டால் இருப்பவரே பொதுக்குழு என்பதும் நம் விதிதான். ஜன்னலில் முகம் பதித்து நின்றோம். அவரே முன்மொழிந்து, அவரே வழிமொழிந்து, அவரே கை தூக்கிக் குன்றுக்கு நிறைவேற்றினார். என்னய்யா இப்படிப் பண்ணிட்டே என்று தலைவர் கத்த, அண்ணே, அளவு கொடுக்க வர்றவங்க எல்லாம் பிள்ளை போன்ல பேசலைன்னு அழுது என் துணியை நனைக்கிறாங்க, எத்தனையைத்தான் காயப்போடுவேன் என்றார்.

வேலை நாளை தொடங்குகிறது. நீ பாரம் தூக்காதே, சாப்பிட்ட பிறகே மாத்திரை போடு, போனில் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள். நீ அழைக்காத நாட்களுக்குச் சிக்னலைக் காரணம் சொன்னாய். அழைக்காத நாட்களுக்கு நானும் அதையே சொன்னேன். இனி நம் இருவருக்கும் அந்த வசதி இல்லை. முதல் அழைப்பு அம்மாவுடையது. அடுத்து நான் பேசுவேன். என்ன பேசுவது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தாய் வேறு சேய் வேறாக நல்லபடியாகப் பிரிந்து நலமாக வாழ எங்கள் மனமார்ந்த ஆசிகள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா