ஆயுத பூஜைக்கு எழுதாத பெயர்

அக்கா,

இன்று காலை ஷெட்டுக்குள் நுழைந்ததும் எலுமிச்சம்பழ வாசனை வந்தது. மெஷினைக் குளிர்விக்கும் கூலண்ட் எண்ணெய் வாடையோடு அது கலந்து வந்தால் ஆயுத பூஜை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். உங்கள் கிரைண்டிங் மெஷினில் இப்போது நிற்கும் புதுப் பெண், பழத்தோலால் அதன் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் மேஜையில் குடும்பத்தார் பட்டியல் வந்து கிடந்தது. நம் லைனுக்கு அதை எழுதுவது இப்போதும் நான்தான். மதியம் வரை அந்தக் காகிதத்தை நான் தொடவில்லை.

வருடத்தில் அந்த ஒரு நாள்தான் கம்பெனி கேட் குடும்பங்களுக்குத் திறக்கும். பட்டியலில் பெயரும் உறவும் இருந்தால்தான் செக்யூரிட்டி உள்ளே விடுவார். என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் தவறாமல் வந்துவிடுவார்கள். உங்களைத் தேடி யாரும் உள்ளே வந்ததில்லை. நாம் சேர்ந்து வேலை பார்த்த பதினோரு வருடமும் என் பிள்ளைகளைக் கூட்டிப்போய்த்தான் உங்கள் மெஷினைக் காட்டினீர்கள். உங்கள் பங்குப் பொரியையும் அவர்களுக்கே கொடுத்துவிடுவீர்கள்.

மத்திகிரியில் நீங்கள் குடியிருந்த வீட்டுக்கு நான் முதன்முதலாக வந்தது நினைவிருக்கிறதா? மஞ்சுளா காபி கொண்டுவந்து வைத்தாள். தளிப் பக்கத்துக் கன்னடக்காரப் பெண், கார்மென்ட்ஸில் தையல் வேலை. சுவரில் நீங்கள் இருவரும் மாலையும் கழுத்துமாக மலைக்கோயில் படியில் நிற்கும் படம். நான் அதையே பார்ப்பதைக் கண்டு நீங்களாகவே சொன்னீர்கள். "மாலை மாத்தி ஆறு வருசமாச்சு செல்வி. ஒனக்கு மட்டும்தான் சொல்லுதேன்." கோவில்பட்டியை விட்டு வந்து இத்தனை வருடமாகியும் உங்கள் பேச்சு மாறவில்லை. என்னை நம்பிச் சொன்னீர்களே என்று எனக்குப் பெருமை. பெரிய மனசுக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டுதான் அன்று டவுன் பஸ் ஏறினேன்.

அந்த மனசு எவ்வளவு பெரிது என்பது போன வருடம் அந்தத் தீர்ப்பு வந்த வாரத்தில் தெரிந்துவிட்டது. ஒரே பாலினத்தார் கல்யாணத்தை நீதிமன்றம் அங்கீகரிக்க முடியாது, அது பார்லிமெண்டின் வேலை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேன்டீனில் இரண்டு நாளாக அதே பேச்சு. குவாலிட்டி செக்ஷன் அண்ணன் இதையெல்லாம் விட்டால் குடும்பம் என்ற ஒன்றே இருக்காது என்று குரலை உயர்த்தினார். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் உங்களுக்கென்ன வலிக்கிறது என்று கான்ட்ராக்ட் பெண் ஒருத்தி கேட்டாள். அவளை எல்லோரும் கேலி செய்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி, "பார்லிமெண்டு எப்ப முடிவு பண்ணுமாம்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்கள். "இந்த வருசம் மஞ்சுளா பேரையும் போட்டுருதியா? சட்டம் வாரப்போ வரட்டும். நான் நிக்க எடத்தை அவ ஒரு தடவ பாக்கட்டும்." உறவு என்று என்ன எழுத என்று கேட்டேன். "ஒனக்கு என்ன தோணுதோ எழுது" என்றீர்கள். நானும் தலையை ஆட்டினேன்.

எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். பயம்தான் தோன்றியது. தினமும் உங்கள் பக்கத்து சீட்டில் வருகிறவள் நான். அந்தக் கேன்டீன் வாய்கள் அடுத்து என்னையும் சேர்த்து மெல்லும் என்று பயந்தேன். தங்கை என்றாவது எழுதியிருக்கலாம். அதற்குக்கூட என் கை வரவில்லை. உங்கள் பெயருக்கு நேரே கோடிட்ட இடத்தை அப்படியே விட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பூஜையன்று பச்சைப் பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாகக் கேட்டில் வந்து நின்றாள் மஞ்சுளா. கையில் அவளே கோத்த எலுமிச்சம்பழ மாலை. செக்யூரிட்டி பட்டியலை இரண்டு முறை புரட்டிவிட்டு, பேர் இல்லையேம்மா என்றார். என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அவளைத் தாண்டி உள்ளே வந்தார்கள். அவளை அழைத்துப்போக வந்த நீங்கள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"விட்டுப்போச்சா செல்வி, நீயா விட்டுட்டியா?"

"விட்டுப்போச்சுக்கா" என்றேன்.

"சரி, அடுத்த வருசம் ஞாபகமாப் போடு" என்று சொல்லிவிட்டு, கேட் கம்பி வழியாக மாலையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தீர்கள். மஞ்சுளா திரும்பிப் போய்விட்டாள். அந்த மாலையை மெஷினில் கட்டும்போதும் என் பிள்ளைகளை நீங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டீர்கள்.

உங்களுக்கு அந்த அடுத்த வருடம் வரவில்லை. ஆடியில் டெங்கு வந்து நான்கே நாளில் போய்விட்டீர்கள். உங்கள் அண்ணன் வந்து கோவில்பட்டிக்குக் கொண்டுபோனார். கம்பெனி வேனில் மஞ்சுளாவும் வந்தாள், எங்களில் ஒருத்தியாக. உங்கள் வீட்டில் அவளை யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

போன ஞாயிறு மத்திகிரிக்குப் போனேன். அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். இந்த முறை என் குடும்பத்தோடு சேர்த்து அவள் பெயரை எழுதுகிறேன், வந்து மெஷினைப் பார் என்று கூப்பிட்டேன். அவள் தலையாட்டி மறுத்தாள். "பேடா செல்வி, வேண்டாம். அவங்க இல்லாத மிஷினை நான் வந்து பாத்து என்ன பண்ண?" பிறகு, நான் கேட்காமலே சொன்னாள். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாங்க. அவ மறக்கல, பயந்துட்டா, நீ அவளை ஒண்ணும் கேக்காதேன்னு."

என் பொய்யைத் தெரிந்துகொண்டேதான் அதன் பிறகு ஒன்பது மாதம் பஸ்ஸில் எனக்கு சீட் பிடித்து வைத்தீர்கள். திட்டியிருந்தால் அன்றே அழுது தீர்த்திருப்பேன். இப்போது கேட்டில் நீங்கள் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. மெஷின் சத்தத்திலும் கேட்கிறது, வீட்டில் பிள்ளைகள் பொரி தின்னும்போதும் கேட்கிறது. பதில் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என்னிடம்தானே கேட்டீர்கள், நான்தான் சொல்ல வேண்டும்.

விட்டுப்போகவில்லை அக்கா. நானேதான் விட்டேன்.

செல்வி