ஐந்து விண்ணப்பங்களின் தலையில் 786

அக்கா,

இன்று கடைக்குப் புது கீபோர்டு வந்தது. பழையதை அட்டைப்பெட்டியில் போடச் சொன்னார் மாமா. போடுவதற்கு முன் துடைத்துப் பார்த்தேன். எண் வரிசையில் மற்றவையெல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. ஏழு, எட்டு, ஆறு மட்டும் எழுத்து அழிந்து வெறும் கறுப்புக் கட்டைகளாகிவிட்டன. என் விரல்தான் தேய்த்திருக்கிறது. அதைப் பார்த்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

நீங்கள் முதலில் வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஒன்பதாவதோடு நின்றுவிட்டு, பூதலூர் ஸ்டேஷன் ரோட்டில் மாமாவின் கடைக்கு வந்துகொண்டிருந்தேன். துபாயிலிருந்து திரும்பி வந்து மாமா வைத்த கடை. எஸ்.டி.டி., ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் டைப்பிங், இன்டர்நெட் என்று போர்டு இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் சவுதிக்கும் துபாய்க்கும் பயோடேட்டா அடிக்க வருகிறவர்கள். நீங்கள் புது ஆற்றுக் கரையோரமாக சைக்கிள் மிதித்து வந்து இறங்கி, அமெரிக்கா என்றீர்கள். என்ன வேலைக்கு என்று மாமா கேட்டார்.

"வேலை இல்லைங்க பாய். சமயத்தைப் பத்தி ஆராய்ச்சி, டாக்டர் பட்டம்."

"சாமியைப் பத்திப் படிக்க அமெரிக்கா போகணுமா? இங்கதான் தெருவுக்குத் தெரு இருக்கே" என்றார் மாமா. நீங்கள் சிரித்துவிட்டு என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் யார் முகத்தையும் அப்போது நான் பார்ப்பதில்லை. உங்கள் கையெழுத்தைத்தான் பார்த்தேன்.

எனக்கு இங்கிலீஷ் அடிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது. எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தப்பில்லாமல் அடிப்பேன். ஆனால் உங்கள் தாள்களை அடிக்க அடிக்க அர்த்தம் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஐந்து பல்கலைக்கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் யார், ஏன் படிக்க வேண்டும் என்று இரண்டு பக்கம். அதோடு மூன்று ஆசிரியர்கள் உங்களைப் பற்றி எழுதி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நீங்கள் பிரித்துப் பார்க்கக்கூடாது. அது என்னை விடவேயில்லை. உங்களைப் பற்றி எழுதியதை நீங்களே பார்க்க முடியாதா என்று கேட்டேன். நான் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி அது. எங்கள் தோளிலும் இரண்டு மலக்குகள், அதாவது வானவர்கள், உட்கார்ந்து எங்களைப் பற்றி எழுதுவார்கள், நாங்களும் இப்போது பார்க்க முடியாது என்றேன்.

"உங்களுக்கு ரெண்டு பேர் போதும். இவங்களுக்கு மூணு பேர் வேணுமாம்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எனக்கு வாய் திறந்துகொண்டது. கடவுளைப் பற்றி ஐந்து வருஷம் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "நான் கடவுளைப் படிக்கலை. கடவுளை வெச்சுக்கிட்டு நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னு படிக்கிறேன்" என்றீர்கள். உங்கள் அம்மாவைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னீர்கள். நடவுக்கும் அறுப்புக்கும் போய் உங்களைப் படிக்க வைத்தவர். எழுத்துத் தெரியாது. ஆனாலும் ஒரு வேதப்புத்தகம் வைத்திருந்தார். கூலி நெல் கொட்டி வைக்கும் பெரிய மண்பானைக்குள், நெல்லுக்கு மேலே அது இருக்கும் என்றீர்கள். படிக்கத் தெரியாதவர்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி. நான் குர்ஆனை எழுத்துப் பிசகாமல் ஓதுவேன், பொருள் தெரியாது என்றேன். உடனே நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டீர்கள். நான் சொன்ன ஒன்றை ஒருவர் குறித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

தப்பு நடந்தது அப்புறம்தான். எங்கள் வீட்டில் கடிதமோ, மளிகைச் சீட்டோ, எதை எழுதினாலும் தாளின் தலையில் 786 போட்டுத்தான் தொடங்குவோம். கம்ப்யூட்டரிலும் என் விரல் அதைத்தான் முதலில் அடிக்கும். மற்ற ஆட்களின் தாளானால் பிரிண்ட் எடுக்கும் முன் அழித்துவிட வேண்டும் என்பது மாமாவின் கண்டிப்பு. உங்கள் ஐந்து தாள்களிலும் அழிக்க மறந்துவிட்டேன். கூரியர் போய் இரண்டு நாள் கழித்து ஃபைலைத் திறந்தபோதுதான் பார்த்தேன். ஐந்திலும் நடுத்தலையில், தடித்த எழுத்தில்.

உங்களிடம் சொல்லவில்லை. தினமும் சொல்ல நினைத்தேன். பங்குனியில் ஒல்லியான உறைகள் ஒவ்வொன்றாக வந்தன. உங்கள் ஊருக்குத் தபால் சரியாக வராது என்று கடை விலாசம் கொடுத்திருந்தீர்கள். அதனால் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒல்லியான உறை என்றால் இல்லை என்று அர்த்தம். இரண்டாவது உறையிலேயே அது எனக்குப் புரிந்துவிட்டது. நாலு வந்தன. நாலும் என்னால்தான் என்று நினைத்தேன்.

ஐந்தாவது இடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு பேராசிரியை எழுதியிருந்தார். நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துத் தமிழில் சொன்னீர்கள். இந்த வருஷம் இடமில்லை, அடுத்த வருஷம் மறுபடி அனுப்பச் சொல்கிறார்கள். பிறகு அடுத்த வரியைப் படித்தீர்கள். "தலையில 786ன்னு ஏதோ நம்பர் போட்டிருக்கேனாம். ஆபீஸ்ல அந்த நம்பருக்குத் தனியா ஃபாரம் இருக்கான்னு ரெண்டு நாள் தேடினாங்களாம்."

நான் எழுந்து ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாமாவுக்கு விஷயம் புரிந்ததும் சத்தம் போட்டார். ஒரு பொண்ணோட வாழ்க்கையையே கெடுத்துட்டியே என்றார். நீங்கள் அவரைக் கையமர்த்திவிட்டு மிஷின் ஓரமாக வந்தீர்கள். திட்டப்போகிறீர்கள் என்று நினைத்தேன். ஏன் அந்த நம்பர் என்று கேட்டீர்கள்.

சொன்னேன். பிஸ்மில்லாவுக்குப் பதிலாகப் போடுவது. அல்லாஹ்வின் பெயரை எழுதிவிட்டால் அந்தத் தாள் கீழே விழும், கால் படும், குப்பைக்குப் போகும். அதனால் பெயரை எழுதாமல் எண்ணை எழுதுகிறோம். அப்படி எழுதக் கூடாது என்று சொல்கிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எழுதுவோம்.

மிஷின் சூட்டில் உங்களுக்கு வியர்த்திருந்தது. நீங்கள் திட்டாத தைரியத்தில் நான் இன்னொன்றும் சொன்னேன்: "அக்கா, அம்மாவோட பானையைப் பத்தி நான் டைப் அடிச்ச மாதிரி ஞாபகமே இல்லையே."

ஐந்து தாள்களிலும் அது இல்லை. பெரிய பெரிய அறிஞர்களின் பெயர்கள் இருந்தன. கஷ்டமான எழுத்துக் கூட்டு என்பதால் எனக்கு அந்தப் பெயர்கள் மனப்பாடம். உங்கள் அம்மா எங்கேயும் இல்லை.

"அங்க போய் நடவுக்காரி கதையைச் சொன்னா மதிப்பாங்களான்னு விட்டுட்டேன்" என்றீர்கள். பிறகு, "உன் நம்பராலே போகலைம்மா. நான் எழுதினது எனக்கே வேண்டாம்போல இருந்துச்சு" என்றீர்கள்.

அடுத்த ஐப்பசியில் ஒரே ஒரு விண்ணப்பம் அடித்தோம். முதல் பாராவில் உங்கள் அம்மாவின் பானை இருந்தது, அடுத்த பாராவில் என் எண் இருந்தது. தலையிலும் போடட்டுமா என்று விளையாட்டாகக் கேட்டேன். "வேண்டாம், அது உள்ள வந்துடுச்சு" என்றீர்கள். பங்குனியில் வந்த உறை கனமாக இருந்தது. கையெழுத்துப் போடும்போது என் பெயரையே தப்பாக எழுதினேன்.

அங்கே போன பிறகு மாதம் ஒருமுறை எழுதினீர்கள். குளிரைப் பற்றி ஒரு வரி, மீதியெல்லாம் கேள்விகள். வீட்டில் கிழிந்த குர்ஆன் தாளை என்ன செய்வீர்கள்? ஆற்றில் விடுவீர்களா, புதைப்பீர்களா? நான் அம்மாவிடமும் பள்ளிவாசல் மோதினாரிடமும் கேட்டு எழுதுவேன். கோடை விடுமுறைக்கு வந்து உங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கோடைக்கு முன்பே, மூளையில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தீர்களாம். உங்களை இங்கே கொண்டுவந்த அன்று நானும் மாமாவும் வந்தோம். நான் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

போன மாதம் அந்தப் பேராசிரியை நீங்கள் எழுதி முடித்த தொண்ணூறு பக்கங்களைக் கடை விலாசத்துக்கே அனுப்பியிருந்தார். உங்கள் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லும்மா" என்றார்கள். இங்கிலீஷ் எனக்குப் புரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அகராதி வாங்கினேன். வியாழக்கிழமை தோறும் கடை சாத்தும் மதியத்தில் போகிறேன். ஒரு பக்கத்தை அந்த வாரமெல்லாம் அகராதியில் தேடி வைத்துக்கொண்டு தமிழில் சொல்கிறேன். நாலு பக்கம் ஆகியிருக்கிறது.

நேற்று சொன்ன பக்கத்தில் பானை வந்தது. நெல்லுக்கு மேலே புத்தகம், காவலுக்கு வைத்ததுபோல, என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா நிறுத்தச் சொன்னார்கள்.

"மேல இல்லை. துணியில சுத்தி அடியில வெச்சுட்டுத்தான் நெல்லைக் கொட்டுவேன். அவ ஆஸ்டல்ல இருந்தா. பொங்கல் லீவுக்கு வர்றப்ப மட்டும் கையை விட்டு எடுத்து மேல வைப்பேன், வீட்டுல படிக்கத் தெரிஞ்சவ அவ ஒருத்திதானே."

ஏன் அடியில் என்று கேட்டேன்.

"நெல்லு தீர்ந்து கை அடியைத் தொடுறப்ப, அங்க எதாவது இருக்கணும்ல."

உங்கள் பக்கத்தின் ஓரத்தில் இதைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பேராசிரியைக்கும் எழுதப்போகிறேன். ஆனால் நீங்களாக இருந்தால் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது புது ஆற்றுப் பாலம் தாண்டி வரும்போதுதான் தோன்றியது: எந்த வருஷம் அவர்கள் கை அடியைத் தொட்டது, அப்போது அந்தப் புத்தகத்தை எடுத்து என்ன செய்தார்கள்?

வியாழக்கிழமை கேட்கிறேன், அக்கா.