அம்மாவுக்கு ஒரு கரைச்சலும் இல்லையாம்

செப்ரெம்பர் 9

வேலையால் வரும்போது அம்மா படியில் இருந்தா. பால் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பவ போல. "மூச்சு வாங்குது, அவ்வளவுதான். நீ மேலை போ." எங்கள் வீடு நாலாம் மாடி. எல்லிங்ஸ்ருட்டில் இந்தக் கட்டடங்களைக் கட்டிய நோர்வேக்காரர், இங்கு குடிவருபவர்களுக்கு வயது போகாது என்று நினைத்திருக்க வேண்டும். லிப்ட் இல்லை.

தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு சொன்னா: "நான் அந்த முதியோர் குடியிருப்புக்குப் போகப்போறன். விண்ணப்பம் போட்டு விடு."

நான் கோப்பைகளைக் கொண்டுபோய்க் கழுவினேன். எனக்கு ஆட்களுக்கு முன்னால் கதை வராது, கோபம் வந்தால் அடியோடு வராது. ஆனால் இந்தக் கொப்பியில் கேட்கலாம்தானே — நான் என்ன செத்தா போனனான்? அப்பா போனதிலிருந்து இந்த வீட்டில் நானும் அவவும்தான். நான் இருக்க எதுக்கு அங்கை?

செப்ரெம்பர் 13

இன்று இருவரும் போய்ப் பார்த்தோம். குறை பிடிக்கவே போனேன். பிடித்தும் விட்டேன்: குசினி ஒரு அலுமாரியளவு. மீன் பொரித்தால் மணம் நேரே எல்லாருடைய வாசலுக்கும் போகும். மதியச் சாப்பாட்டுக்கு அவித்த உருளைக்கிழங்கும் பழுப்புக் குழம்பும். ஒரு தமிழ் முகம் இல்லை.

மற்றப் பக்கம்? லிப்ட். விழுந்தால் அமத்த ஒரு பொத்தான், கீழேயிருந்து ஓடிவர ஒரு ஆள். தனி வீடு, தன் கதவு, தன் திறப்பு. அம்மா இது எதையும் பார்க்கவில்லை. யன்னலடியில் நின்று, "இஞ்சை பார், பஸ் வாசலிலை நிக்குது" என்றா.

வரும் வழியில் கேட்டேன், உங்களுக்கு என்னிலை என்ன குறை என்று. "உன்னிலை என்ன குறை? எனக்கு வெளியிலை போகவேணும். கோயிலுக்குப் போய் எவ்வளவு நாள். ஜெயில்லை இருக்கிற மாதிரி இருக்கு."

வடக்குக் கரையில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில், ஈரத் தரையில் வருசக்கணக்காய் நின்று மீன் வெட்டிய அம்மாவின் முழங்கால்கள். இவ்வளவு நாளும் நான் அதைக் கேட்கவே இல்லையே. இரவே விண்ணப்பத்தை அனுப்பினேன்.

செப்ரெம்பர் 14

அண்ணா ஸ்தவங்கரிலிருந்து போன் எடுத்தார். "எங்கட ஆக்கள் தாயைக் கொண்டுபோய்த் தள்ளுறேல்லை, தெரியுமோ? சனம் என்ன கதைக்கும்?" அப்ப உங்களிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோவன் என்று சொல்ல வந்தது. அதற்குள் அவரே, "எங்கட வீடும் சின்னன்" என்றார். அந்த வீட்டில் உடற்பயிற்சிச் சைக்கிளுக்குத் தனி அறை இருக்கு.

செப்ரெம்பர் 21

கோயிலில் நேசமணி மாமி, எனக்குக் கேட்கும்படி: "படிச்ச பெட்டையள் இப்பிடித்தான்." எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதுவும் குற்றமாகிப் போயிற்று.

ஒக்ரோபர் 3

ஆத்திரம் ஆத்திரமாய் வருது.

அம்மாவுக்கு உதவி தேவையா என்று பார்க்க இன்று நகரசபையிலிருந்து கொம்யூன் அதிகாரி வந்தா. அம்மா விடியவே எழும்பி யன்னல் சீலை மாத்தி, பட்டுச் சீலை கட்டி, றோல்ஸ், பற்றிஸ், வடை எல்லாம் சுட்டு வைத்திருந்தா. ஊன்றுகோல் கோட்டுகளுக்குப் பின்னால். அதிகாரிதான் நாலு மாடி ஏறி மூச்சு வாங்கினா. அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தா.

படி ஏறுவது எப்படி? "ஒரு கரைச்சலும் இல்லை." குளிக்க? "ஒரு கரைச்சலும் இல்லை." எல்லாம் அந்த வடக்குக் கரை நோர்வேஜிய மொழியில், சிரிச்சுச் சிரிச்சு. நான் வாய் திறந்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தா. மூடிவிட்டேன்.

பிறகு அம்மாவின் முழங்காலுக்கு ஐஸ் வைக்கும்போது கேட்டேன், ஏன் அம்மா? "வீட்டுக்கு வந்த ஆளுக்கு முன்னாலை ஏலாதெண்டு இழுத்துப் போர்த்துக்கொண்டு படுக்கிறதே?"

ஒக்ரோபர் 21

மறுப்பு. தனியாகவே நன்றாகச் சமாளிக்கிறாவாம்.

அம்மா: "அந்தப் பிள்ளை நல்லாத்தானே கதைச்சவ. வழிக்குப் பற்றிஸும் கட்டிக் குடுத்தனான்."

அண்ணா: "பாத்தியே, கொம்யூனே சொல்லிப்போட்டுது."

அப்போதுதான் எனக்குக் கதை வந்தது. "அண்ணா, ஒரு கிழமை வந்து நிண்டு அம்மாவை இந்தப் படியாலை ஏத்தி இறக்குங்கோ. பிறகு கதையுங்கோ." போனை நான் வைத்தேன். என் வாழ்க்கையில் முதல்தரம்.

மேன்முறையீடு எழுதி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 18

மறுபடி வந்தா, அதே அதிகாரி. சமையல் இல்லை என்று முதலே சொல்லி வைத்தேன். "தேத்தண்ணியும் இல்லையே?" "தேத்தண்ணி மட்டும்."

அந்தத் தேத்தண்ணியையும் முதலில் கொடுக்க விடவில்லை. இருவரையும் கீழே கூட்டிக்கொண்டு போய், அம்மா ஏறுவதைப் பாருங்கள் என்றேன். என் குரல் எனக்கே புதிது. அம்மா என்னை எரிப்பது போலப் பார்த்துக்கொண்டு ஏறினா. இரண்டாம் மாடியில் ஏலாமல் குந்திவிட்டா. அதிகாரியும் பக்கத்தில் படியிலேயே இருந்தா.

"என்னை அம்மணமாக்கிப் போட்டாய்" — பிறகு அம்மா சொன்னது இவ்வளவுதான்.

நவம்பர் 19

அம்மா என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் மூடி இருந்தது.

டிசம்பர் 11

கிடைத்துவிட்டது. அம்மா சட்டிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டா. என்னோடு கதைக்கவும் தொடங்கிவிட்டா, அதுவும் ஏச்சில்தான்: "பெரிய தாச்சியை ஏன் வெளியிலை வைச்சனீ?"

பெப்ரவரி 12

வேலை முடிந்து, அம்மாவின் புது வீட்டுக்குச் சொல்லாமல் போனேன். வீட்டில் ஆளில்லை. கீழே ஓடினால், சாப்பாட்டு மண்டபத்தில் இருக்கிறா. வடக்கிலிருந்து வந்த ஹம்மர்பெஸ்ட் கிழவர் ஒருவரோடு, அவருடைய ஊரில் மீனின் முள் எடுக்கத் தெரியாது என்று வாதாடிக்கொண்டு. சுற்றிலும் நாலைந்து பேர் சிரிக்கினம்.

என்னைக் கண்டு, "சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே பிள்ளை, இப்ப எனக்கு நேரமில்லை" என்றா.

நேரமில்லையாம். எனக்கு. திரும்பி வந்து பஸ் ஏறினேன். சரியான எரிச்சல்.

சனிக்கிழமை வரலாமா என்று செய்தி அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டா. பதில் இன்னும் இல்லை.