நீ வாங்கில் இருக்க வேண்டும்

ஹொல்ஸ்டெப்ரோ,
ஓகஸ்ட், ஞாயிறு காலை

அன்புள்ள மகன் ஆரணனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி சுஜீதாவும் நல்ல சுகம், உன் சுகத்தையும் கேட்கிறோம், உன் வலது காலின் சுகத்தை நான் தனியாகக் கேட்கிறேன். தொலைபேசியில் நான் ஒரு விசயத்தைத் தொடங்குமுன்பே அம்மா பறித்துவிடுகிறா, சாப்பிட்டியோ என்ற கேள்வியிலேயே அரை மணித்தியாலம் போய்விடுகிறது, ஆகவே பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். மிளகாய்த்தூள் அம்மா வீட்டிலேயே வறுத்து அரைத்தது. வறுத்த அன்று புகைமணி அடித்து, மேல்வீட்டு டெனிஷ் மனிசி என்ன நெருப்போ என்று ஓடிவந்து, போகும்போது ஒரு சரை தூளும் வாங்கிக்கொண்டு போனா. சுஜீதாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, ஓகூசில் அறை தேடுகிறாள், நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிற பழக்கம் மட்டும் மாறவில்லை.

இனி முக்கியமான விசயம், அமெரிக்காவில் நம்முடைய ஒஃபென்ஸ், பந்தை முன்னே கொண்டுபோகிற அந்தப் பதினொரு பேர். நம்முடைய என்று எழுதுகிறேன், சிரிக்காதே. உங்கள் பல்கலைக்கழக அணியின் ரசிகர்கள் இணையத்தில் எழுதுவதை வேலையிடத்து இடைவேளையில் தினமும் வாசிக்கிறேன், அங்கே இப்போது ஒரே ஒப்பாரி. பந்தை எறிகிற பெடியன் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான், அவனைக் காத்து நிற்கிற பெரிய ஆட்களில் இருவருக்கு முழங்கால் சரியில்லை, வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்தில் சொந்தத் தடுப்பு அணிக்கு எதிராகவே ஒரு தரம்தான் கடைசிக் கோட்டைத் தாண்டினார்களாம். ஒருவர் எழுதியிருந்தார், நம்மிடம் உள்ள மிகச் சிறந்த வீரன் அந்த டென்மார்க் பெடியன்தான் என்று. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். அடுத்த வரியில், அதுதான் நம்முடைய துன்பமும் என்று எழுதியிருந்தார். அவரோடு சண்டைபிடிக்க ஒரு கணக்குத் திறந்தேன், பிறகு யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர் சொன்னது சரி. பத்து யார் தூரம் முன்னே போக நாலு தரம் வாய்ப்பு, மூன்று தரத்திலும் முடியாவிட்டால் நாலாம் தரம் உன்னைக் கூப்பிட்டு, பந்தை எதிராளியின் பக்கம் தூரத்துக்கு அடித்து அனுப்பச் சொல்கிறார்கள். ஒஃபென்ஸ் தோற்றால்தான் என் பிள்ளைக்கு வேலை. இதை ஒரே வருடத்தில் விளங்கிக்கொண்டேன். என் கணிதப் பட்டத்தை இந்த நாட்டில் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை, இருபத்திரண்டு வருடம் இறைச்சிப் பெட்டி அடுக்க விட்டார்கள், கடைசியில் உங்கள் முட்டைப் பந்துக்காவது அது உதவியது.

போன வருடம் இங்கே தமிழ்க் கழக மண்டபத்தில் நாங்கள் செய்த கூத்து உனக்கு முழுதாகத் தெரியாது. முதல் ஆட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள், வடை, பற்றிஸ், பெரிய திரை எல்லாம். நீ களத்துக்கு வரும்போதெல்லாம் நாங்கள் எழும்பி நின்று கைதட்டினோம், ஒன்பது தரம் வந்தாய், ஒன்பது தரமும் தட்டினோம், லோரன்ஸ் அங்கிள் விசில் அடித்தார். கடைசியில் சுஜீதா என் சட்டையைப் பிடித்து இழுத்து, அப்பா, அண்ணா வந்தால் நாங்கள் தோற்கிறோம் என்று அர்த்தம் என்று டெனிஷில் சொன்னாள். எழும்பி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கதிரையில் இருந்தார்கள். அதன்பிறகும் நான் மட்டும் தட்டினேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டப் பருவம் முழுவதும் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையார் கோவிலில் உன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வித்தேன், பிள்ளைக்கு நிறைய வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்று. பிள்ளையார் குறை வைக்கவில்லை. எழுபத்தெட்டுத் தரம் கூப்பிட்டார்கள், பன்னிரண்டு ஆட்டத்தில் ஐந்துதான் வென்றீர்கள்.

ஆறு வென்றிருந்தால் டிசம்பர்க் கடைசியில், நத்தாருக்குப் பிறகு அந்த மேலதிக ஆட்டம் கிடைத்திருக்கும், பெற்றோருக்கு இடமும் ஒதுக்குவார்கள் என்று நீ சொன்னாய். எனக்கு ஆலை பூட்டுகிற கிழமையும் அதுதான், வேறு நேரம் விடுப்புக் கேட்டால் என்னுடைய மேற்பார்வையாளன் என்ன முகம் காட்டுவான் என்று உனக்குத் தெரியும், பதினொரு வருடமாக அந்த முகத்தைத்தான் பார்க்கிறேன். இது உன் கடைசிப் பருவம். அம்மா உன்னைக் கண்டு இரண்டு வருடமாகிறது. அவ ஜூனிலேயே ஒரு நீலச் சூட்கேஸ் வாங்கி, கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, மலிவாக வந்தது, சும்மா வாங்கினனான் என்கிறா.

போன கிழமை மணி அடித்தது, கதவைத் திறந்தால் சிறீஸ்கந்தராசா நிற்கிறார். உனக்குப் பதினாலு வயதில், கேர்னிங்கில் நடந்த தமிழ்க் கழகங்களின் உதைபந்தாட்ட இறுதி ஆட்டத்தில், இவன் பந்தை ஆகாயத்துக்கு அடிக்கிறான் என்று உன்னை ஆடவிடாமல் முழு ஆட்டமும் களத்துக்கு வெளியே வாங்கில் இருத்திய அதே பயிற்றுநர். எட்டு வருடம் நான் அவரோடு கதைத்ததில்லை, ஒரே சுப்பர்மார்க்கெற்றில் ஒரே நேரத்தில் மீன் வாங்கியிருக்கிறேன், கதைத்ததில்லை. மனிதர் கையில் ஒரு கொப்பி, உங்கள் ஒஃபென்ஸில் யார் யார், என்ன நிறை, யாருக்கு எந்தக் கால் நோ என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். என்னைக் கேட்காமலே அம்மா தேத்தண்ணி ஊற்றிவிட்டா. அவர் குடித்து முடித்துவிட்டு, மகேந்திரண்ணை, கோவிக்காதேங்கோ, உங்கடை அர்ச்சனைதான் எங்கடை ஒஃபென்ஸைத் திண்டது, இந்த முறை அதை மாத்தவேணும் என்றார். என் பிள்ளையை வாங்கில் இருத்தச் சொல்லி என் வீட்டுக்கே வாறியளோ என்று கேட்டேன். ஓம், இரண்டாம் தரமும் நான்தான் வரவேண்டிக் கிடக்கு என்றார். அம்மா குசினிக்குள் போய்ச் சிரித்தா, எனக்குக் கேட்டது. பிறகு அவர் கொப்பியைப் பார்த்தபடியே, அவன் அடிச்ச அந்த உயரத்தை என்ன செய்யிறதெண்டு அப்ப எனக்குத் தெரியேல்லை அண்ணை என்றார். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, தேத்தண்ணி இரண்டாம் கோப்பையும் கொடுத்தோம், அவ்வளவுதான்.

முந்தாநாள் அவருடைய காரில்தான் கோவிலுக்குப் போனோம். ஐயர், ஆற்றை பேருக்கு அர்ச்சனை, என்ன நட்சத்திரம் என்று கேட்டார். சிறீஸ்கந்தராசா வெட்கமே இல்லாமல், பதினொரு பேர் ஐயா, எல்லாரும் அமெரிக்காக்காரர், ஒருத்தற்றை நட்சத்திரமும் தெரியாது என்றார். உத்தியோகமோ சோதினையோ என்றார் ஐயர். பத்து யார் போகவேணும் ஐயா என்றார் இவர். ஐயர் இருவரையும் பார்த்துவிட்டு, அப்ப சுவாமி பேருக்கே செய்வம், அவருக்கு விளங்கும் என்று சொல்லி உள்ளே போனார். மணி அடிக்கும்போது நான் கண்ணை மூடினேன். என் பிள்ளை வாங்கில் இருக்க வேண்டும் என்று, அவனை முதலில் அங்கே இருத்தியவருக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். வயிறு எரியவில்லை மகனே, நீலச் சூட்கேஸ்தான் கண்ணுக்குள் நின்றது.

முதல் ஆட்டம் இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, உங்களுக்கு நண்பகல், எங்களுக்குப் பின்னேரம் ஏழு மணி, மண்டபம் எடுத்தாயிற்று, பற்றிஸ் அவருடைய பொறுப்பு. நீ வாங்கில் இருக்கும்போது கமரா உன் பக்கம் திரும்பினால் கையைக் காட்டு, இந்த முறை அதற்கு நாற்பது பேரும் தட்டுவார்கள். வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நிற்காதே, தூளை ஈரக் கரண்டியால் எடுக்காதே. பிள்ளையார் உன்னையும் அந்தப் பதினொரு பேரையும், முழங்கால் நோகிற அந்த இருவரையும் காக்கட்டும்.

ஒரேயொரு ஞாபகம். நன்றாக வென்றுகொண்டிருக்கும்போது, ஆட்டம் முடியக் கிட்டவாக, ஒரே ஒரு தரம் உன்னைக் கூப்பிட்டால், பந்தை ஆகாயத்துக்கு அடி. சிறீஸ்கந்தராசாவை நான் திரைக்குக் கிட்ட, முன்வரிசையில் இருத்துகிறேன்.

என்றும் உன் நலம் விரும்பும்
அப்பா,
மகேந்திரராசா