பேட்டரி வரும் வரை

ஜூன் 3, செவ்வாய்

விசேஷம் ஒன்றும் இல்லை. நல்ல வெயில். காலையில் லேப்டாப்பின் பேட்டரி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். புதிதில் பிடித்த சார்ஜில் பாதிகூட இப்போது பிடிப்பதில்லையாம். கரண்ட் போனால் கொஞ்ச நேரம்தான் தாங்குகிறது. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரருக்குப் பேச்சு இல்லை.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அத்தனை இரைச்சலையும் மீறிக் கேட்கும் குரல் இவருடையது. நரம்பு நோய் வந்து கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டது. கண் மட்டும் அசைகிறது. திரையில் இருக்கும் எழுத்தைப் பார்த்தால் கேமரா அதைக் கண்டுபிடித்து எழுதும். லேப்டாப் படித்துச் சொல்லும்.

"அதுக்கும் வயசாயிடுச்சு, அனு. திட்டாதே" என்றார்.

ஜூன் 9, திங்கள்

டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது. பயந்துபோய் மலைக்கோட்டைப் பக்கம் சரத்குமாரின் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்பக்கத்தைக் கழற்றினால், பேட்டரி பூரி மாதிரி உப்பியிருக்கிறது.

"இனிமே இதை ஆன் பண்ணவே கூடாதுக்கா. தீப்பிடிச்சுக்கும். நாள் முழுக்க சார்ஜர்லயே நூறுல நின்னா சூடாகத்தான் செய்யும். புதுசு போட்டதும் எண்பதுல நிக்கிற மாதிரி வச்சுத் தரேன்."

"பேட்டரி இல்லாம ஓடாதாப்பா?"

"இந்த மாடல் ஓடாதுக்கா. ஒரிஜினல் சென்னைலேருந்து வரணும். கண்டதைப் போட்டுத் தர மாட்டேன்."

மகள் ரஞ்சனியின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். அந்தக் கேமரா அதில் வேலை செய்யவில்லை.

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு தடவை இமைத்தார். ஒன்று என்றால் சரி, இரண்டு என்றால் இல்லை. பேட்டரி வரும் வரை இவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

தண்ணீரா? இல்லை. ஃபேனா? இல்லை. முதுகா? இல்லை. கடைசிவரை என்னவென்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி

டாக்டர் ஜாஸ்லின் வீட்டுக்கே வந்து பார்த்தார். மூச்சுக்காக இவர் மாட்டியிருக்கும் மாஸ்க் வழியாகப் போகும் காற்று இனிமேல் போதாதாம்.

"கழுத்துல துளை போட்டு வென்டிலேட்டர் வைக்கலாம். வச்சா இன்னும் சில வருஷம்கூட இருக்கலாம். ஆனா படுக்கையோட, மிஷினோடதான். வேண்டாம்னா கஷ்டமில்லாம பாத்துக்குவோம். அவர்தான் முடிவு சொல்லணும். சீக்கிரம் சொல்லணும்மா."

திருவெள்ளறையிலிருந்து இவருடைய அண்ணன் சின்னையா மாமா வந்திருந்தார். "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? போட்டுடலாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. காய்ச்சலில் கிடந்தபோதுகூடத் தன் தட்டைத் தானே கழுவிய மனுஷர். இவரா கழுத்தில் குழாயோடு கிடப்பார்? இத்தனை வருஷம் கூட இருந்த எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "வேண்டாம்தானேங்க?"

கண்ணை மூடிக்கொண்டார். திறக்கவே இல்லை.

வேண்டாம் என்றுதான் அர்த்தம். வேறென்ன?

ஜூன் 17, செவ்வாய்

காலையில் மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. நாளைக்குள் முடிவு தெரிய வேண்டும் என்கிறார் டாக்டர். 'வேண்டாம்' என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். மாமா குறுக்கே வந்தார்.

"அவன் சொல்லட்டும்மா. நானும் சொல்லல, நீயும் சொல்லாதே." சொல்லிவிட்டு அழுதார். அந்த மனுஷர் அழுது நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

இமைப்பை மட்டும் வைத்து இதை முடிவு பண்ண முடியாது என்றார் டாக்டர். சரத்குமாருக்கு போன் போட்டேன். பார்சல் மத்தியானம் வருகிறதாம். ரஞ்சனி கடைக்கே போய்க் காத்திருக்கிறாள்.

ஜூன் 18, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட வேண்டும்.

கட்டிலுக்கு நேராக லேப்டாப்பை வைத்தோம். டாக்டர், மாமா, ரஞ்சனி, நான். கேமரா இவர் கண்ணைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. பிறகு ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

"வேணும்."

டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி விளக்கிவிட்டுக் கேட்டார்.

"தெரியும். வேணும். இன்னும் இருக்கேன்."

நான் கட்டிலருகே குனிந்தேன். "அன்னிக்கு நான் கேட்டப்ப ஏங்க கண்ணை மூடிக்கிட்டீங்க?"

"வேண்டாம்தானேன்னு கேட்டே. வேணுமான்னு கேக்கலை."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் வந்தது. "நீ களைச்சுப் போயிட்டேன்னு நினைச்சேன்."

ஐயோ. நானா? உங்களுக்குக் கஷ்டம் வேண்டாமேன்னுதானே நான் — இல்ல, களைப்பும்தான். அதையும் சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன். களைப்பாத்தான் இருக்கு, அதுக்காக நீங்க போகணுமான்னு அழுதேன். ரஞ்சனி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 20, வெள்ளி

துளை போட்டாயிற்று. மூச்சு சீராக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இவரை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு முதல் பண்டிகை, ஆடிப்பெருக்கு. காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை என்று ரஞ்சனி சொன்னாள். நான் போகவில்லை. மாமா மட்டும் ஆற்றுக்குப் போய்விட்டு வந்தார். எலுமிச்சை சாதம், புளியோதரை, தேங்காய் சாதம் மூன்றும் கிளறினேன்.

கழுத்து வழியாக மூச்சு போவதால் இவருக்கு வாசனை தெரிவதில்லை. லேப்டாப் கூப்பிட்டது.

"அனு. சமையல் வாசனை எப்படி இருக்கு?"

"எப்பவும் போலத்தாங்க."

"சரியாச் சொல்லு."

கரண்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நல்லெண்ணெயிலிருந்து ஆரம்பித்தேன். பெருங்காயம், வறுத்த மிளகாய், புளி காயும்போது வரும் காட்டம், கொஞ்சம் அடிப்பிடித்த தேங்காய் — எதையும் மறைக்கவில்லை. திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்போது சாதம் ஆறிவிட்டது.