வாளிக்குள் இறங்கிய செங்கல்

இன்று காலை பள்ளிக்கூட வளவில் மேசன்மார் ஈரமணல் நிரப்பி வைத்திருந்த வாளியைக் கண்டதும் உன் நினைவும் கோபமும் ஒன்றாகவே வந்தன. வாவிக்கரைக் கட்டடத்துக்கு மேல்மாடி கட்டப் போகிறார்களாம். இப்போது நான் அதிபர். சம்மதக் கையெழுத்து என்னுடையது.

யுத்த காலத்தில் அந்தக் கட்டடத்துக்கு இடம் பார்க்கக் கல்வி அதிகாரி வந்தது நல்ல கோடையில். மணல் கொட்டி நிரவிய கரை, லொறி ஓடினாலும் தடம் பதியாது. ஆசிரியர்கள் எல்லோரும் மிதித்துப் பார்த்துத் தலையாட்டினோம். விஞ்ஞான ஆசிரியை நீ மட்டும் மறித்தாய்.

"முகத்துவாரம் வெட்டுறதுக்கு முந்தின கிழமை வந்து மிதிங்க சேர். ஊறின மணல் நடுங்கினா ஒண்டும் நிக்காது."

மாரியில் வாவி நிரம்பி, கடல்வாயை வெட்டித் திறக்கும்வரை கரையெல்லாம் ஊறிக் கிடக்கும். அது தெரியாதவர்களா நாங்கள்? கோடையில் மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

அதிகாரி சிரித்தார். "இங்க எப்ப டீச்சர் நிலம் நடுங்கினது?"

"கிழமைக்கு மூண்டு தரம் ஷெல் விழுந்து நடுங்குதே, உங்களுக்குக் கேக்கல்லையா? பூகம்பம் வந்தா என்ன செய்வீங்க?"

மறுநாள் கூட்டத்தில் அவர் மேசையில் இரண்டு வாளிகளை வைத்தாய். ஒன்றில் ஈரமணல், மற்றதில் இடித்து இறுக்கிய கிறவல், மேட்டுச் செம்மண் சரளை. இரண்டிலும் ஒரு செங்கல்லை நிறுத்தி, வாளிகளைப் பக்கவாட்டில் தட்டினாய். கிறவலில் நின்றது அசையவில்லை. மணலில் தண்ணீர் மேலே கசிந்தது. செங்கல் சரிந்து பாதிவரை இறங்கியது.

"நடுங்கினா ஈரமணல் கஞ்சியாப் போகும் சேர். வயல் களி கூடக் கிடந்து ஆடும். கிறவல் மேடு தாங்கும். அங்க கட்டுங்க."

நான் உன் சேலையைப் பிடித்து இழுத்தேன். "உனக்கேன்கா இந்த வேலை?"

"புள்ளைகள் இருக்கப்போற இடம்கா."

கரையிலேயே கட்டச் சம்மதம் என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நீ போடவில்லை. அடுத்த மாதமே உனக்குக் கரடியனாற்றுக்கு இடமாற்றம். போகும் வழியில் கண்ணிவெடி. மண்ணை அத்தனை அறிந்திருந்த உன்னை, மண்ணுக்குள் மனிதர் புதைத்து வைத்தது கொண்டுபோயிற்று. புதைத்தவர்களை நான் மன்னிக்கவில்லை. என் கையெழுத்தையும் மன்னிக்கவில்லை.

பூகம்பம் வரவில்லை. அப்படியிருந்தும் கட்டடத்தின் வாவிப்பக்க மூலை ஒரு சாண் இறங்கிவிட்டது. அதற்கு மேல்தான் மாடியாம்!

பின்னேரக் கூட்டத்தில் புதிய அதிகாரி பேனையை நீட்டினார். நான் வாங்கவில்லை. மேசன்மாரின் வாளியைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன்.

"ஆராவது ஒரு செங்கல் எடுத்துத் தாங்க" என்றேன்.

உன்னளவு துணிவு எனக்கு ஏது? கொடுத்த செங்கல்லை ஈரமணலில் நிறுத்தினேன். அன்று கையெழுத்துப் போட்ட கையாலேயே வாளியைத் தட்டினேன்.